தசையின் கணக்கு

நகைக்கடை முதலாளி பத்துப் பவுன் சங்கிலி போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் அது கடைக்கு விளம்பரம். ஒருநாள் அவர் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தங்கம் தங்கம்தான். உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. எங்கள் விளம்பரத்தைக் கழற்றி வைக்க முடியாது. அதிலும் பயிற்சியாளர் பெண்ணாக இருந்து, அவளுடைய தோளும் முதுகும் புஜமும் பார்த்ததும் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவள் உடம்பு எதிரில் நிற்பவரிடம் என்னவோ பேசி முடித்திருக்கும்.

நான் கோயம்புத்தூரில் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஐடி கம்பெனியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், சர்க்கரை வந்து டாக்டர் அனுப்பிவைத்தவர்கள், முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடி வருகிறவர்கள். இவர்கள் முன்னால் என் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது? மேலோட்டமாகப் பார்த்தால் இது துணி சம்பந்தப்பட்ட கேள்வி. முழுக்கை டி-ஷர்ட் போடுவதா, கையில்லாதது போடுவதா, அவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கு இது உண்மை சம்பந்தப்பட்ட கேள்வி. என் தசையைக் காட்டும்போது நான் ஒரு பொய் சொல்கிறேனா? மறைக்கும்போது வேறொரு பொய் சொல்கிறேனா? காசு கொடுத்து என்னிடம் வருகிறவருக்கு என் உடம்பைப் பற்றி நான் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவள்?

புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் சொல்வது இரண்டில் ஒன்று. “அக்கா, உங்கள மாதிரி ஆகணும்.” இல்லையென்றால், “மேம், எல்லாம் ஓகே, ஆனா உங்கள மாதிரி ஆயிடக்கூடாது.” இரண்டாவது வகைதான் அதிகம். யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் சொல்வதில்லை. சொன்ன கையோடு என் கையைத் தொட்டு, “தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்க வீட்ல…” என்று நிறுத்துவார்கள். மீதியை நானே மனப்பாடமாகச் சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். மாமியார் ‘இதென்ன ஆம்பள மாதிரி’ என்பார். ஜாக்கெட் கை பத்தாமல் போகும்.

இந்தப் பயத்துக்கு எங்கள் தொழிலில் தயார்நிலையில் ஒரு பதில் வைத்திருக்கிறோம். பெண்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் பெரிய தசை அவ்வளவு லேசில் வந்துவிடாது, பல வருடம் திட்டம் போட்டுச் சாப்பிட்டு, திட்டம் போட்டு எடை தூக்கினால்தான் வரும், கவலைப்படாதீர்கள். இதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆனால் இந்த உண்மைக்குள் ஒரு ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. என்னைப்போல ஆவது ஒரு விபத்து, அது உங்களுக்கு நடக்காது என்று நானே சொல்கிறேன். சாலையில் கவிழ்ந்து கிடக்கும் லாரியைக் காட்டி ‘மெதுவாகப் போனால் இப்படி ஆகாது’ என்பதைப் போல, என் தோளையே காட்டி எச்சரிக்கிறேன்.

‘டோனிங்’ என்ற வார்த்தையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. தசை வளரும் அல்லது தேயும். அதன் மேல் இருக்கும் கொழுப்பு கூடும் அல்லது குறையும். ‘டோன்’ ஆவது என்று இவற்றுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்று கிடையாது. கொஞ்சம் தசை வளர்ந்து கொஞ்சம் கொழுப்பு குறைந்தால் வரும் தோற்றத்துக்கு, ‘தசை’ என்று சொன்னால் பெண்கள் ஓடிவிடுவார்கள் என்பதற்காகப் போட்ட பெயர் அது. முழுக்கை டி-ஷர்ட் துணியால் மறைப்பதை இந்த வார்த்தை சொல்லால் மறைக்கிறது.

எவ்வளவு தசை ‘அதிகம்’ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இது ஏதோ நம்மூர் மாமியார்களின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். தசைக்காகவே மேடை போட்ட இடத்திலும் இதே கதைதான். 1983இல் லாஸ் வேகஸில் பெண்களுக்கான ஒரு ஆணழகன் போட்டி நடந்தது. (பெண்கள் போட்டிக்கும் என் வாயில் ‘ஆணழகன்’ என்ற சொல்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.) பவர்லிஃப்டிங்கில் உலக சாம்பியனாக இருந்த ஆஸ்திரேலியாவின் பெவ் ஃபிரான்சிஸ் அதில் கலந்துகொண்டார். மேடையில் இருந்தவர்களிலேயே பெரிய தசை அவருடையது. அவருக்கு எட்டாவது இடம் கொடுத்தார்கள். அந்தப் போட்டியைப் பற்றி 1985இல் வந்த ‘பம்ப்பிங் அயர்ன் 2’ ஆவணப்படத்தில், பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர்கள் விவாதிப்பதைப் பார்க்கலாம். தசைக்குப் பரிசு கொடுக்கும் போட்டியில் தசை கூடிப்போனதால் பின்னால் தள்ளப்பட்டார். இருபது வருடம் கழித்து, 2004 டிசம்பரில், சர்வதேச பாடிபில்டிங் கூட்டமைப்பின் தொழில்முறைப் பிரிவு, போட்டியிடும் பெண்கள் தங்கள் தசையின் அளவை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பை அனுப்பியது. அழகையும் ஆரோக்கியத்தையும் காரணமாகச் சொன்னார்கள். எதிலிருந்து 20 சதவீதம், எந்தத் தராசில் நிறுத்து 20 சதவீதம்? ஏதோ கத்தரிக்காய் விலை குறைப்பதைப் போல ஒரு எண்.

நம்மூருக்கு வருகிறேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சித்தாள் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். சும்மாடு வைத்துக் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி, சாரத்தில் ஏறி இறங்குகிற அக்காக்கள். புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையை மடித்துவிட்டிருப்பார்கள். அந்த முன்கை நரம்பு என் முன்கை நரம்புக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. ‘ஏம்மா இப்படி ஆம்பள மாதிரி ஆயிட்ட’ என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அது கூலிக்கான உடம்பு என்று பார்க்கிறவர்களே கணக்கை முடித்துவிடுகிறார்கள். கர்ணம் மல்லேஸ்வரி 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். அவருடைய தோளுக்கு அந்த 240 கிலோவும் நாட்டின் கொடியும் காரணம் சொல்லிவிடுகின்றன. செங்கலையோ தேசத்தையோ சுமந்தால் பெண்ணின் தசையை மன்னித்துவிடுவார்கள். தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒருத்தி வளர்த்தால்தான் விளக்கம் கேட்பார்கள்.

இப்படிப் பார்த்தால் விடை சுலபம் என்று தோன்றும். மறைப்பது கோழைத்தனம், கையில்லாத டி-ஷர்ட் போட்டு நிமிர்ந்து நில், முடிந்தது. எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் முதல் வாக்கியம் இன்னும் மிச்சமிருக்கிறது. “அக்கா, உங்கள மாதிரி ஆகணும்.” மறைப்பதில் இருப்பதைவிடப் பெரிய பொய் இங்கேதான் காத்திருக்கிறது.

எங்கள் ஜிம்மில் பேனர் அடிக்க முதலாளி கேட்டது நான் போட்டிக்குப் போனபோது எடுத்த படம். வயிற்றில் கட்டம் கட்டமாக, தோளில் நார் நாராக. அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான்கு மாதம் உணவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி நாட்களில் உப்பையும் தண்ணீரையும் கட்டுப்படுத்தி, உடம்பு முழுக்கக் கறுப்புச் சாயம் பூசி, மேடைக்குப் பின்னால் ரப்பர் பட்டையை இழுத்துத் தசைக்குள் ரத்தத்தை ஏற்றி, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எடுத்தது. அந்த மாதங்களில் எனக்கு மாதவிடாய் நின்றிருந்தது. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக உழைக்கும் வீராங்கனைகளுக்கு இது நடக்கும். எலும்பு வரைக்கும் பாதிக்கும். இந்த நிலைக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ‘ரெட்-எஸ்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறது. அன்றைக்கு என்னால் வழக்கமாகத் தூக்கும் எடையில் முக்கால் பங்கைக்கூடத் தூக்கியிருக்க முடியாது. படிக்கட்டு ஏறினாலே தலை சுற்றியது. அதாவது, பார்வைக்கு மிக வலுவாக இருந்த நாள்தான் நான் மிக பலவீனமாக இருந்த நாள். அந்தப் படத்தைக் காட்டி ஐம்பது வயது சர்க்கரை நோயாளிக்கு ஆரோக்கியம் விற்கச் சொன்னார்கள். நான் கொடுத்தது வேறு படம். சாதாரண நாளில், டி-ஷர்ட்டில், ஒருவருக்குக் கம்பியைப் பிடிக்கச் சொல்லித் தரும்போது எடுத்தது. “இதுல ஒண்ணும் தெரியலையேம்மா” என்றார் முதலாளி. தெரிகிறவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் உடம்பு எனக்குத் தொழில் தெரியும் என்பதற்குச் சாட்சி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது மிகப் பலவீனமான சாட்சி. எனக்கு இந்தத் தோள் எங்கள் அம்மிச்சியிடமிருந்து வந்தது. காட்டில் களைவெட்டியே காலம் கழித்தவர், அகலத் தோள். அந்த எலும்பின் மேல் தசை சுலபமாக உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. முழங்கால் தேய்மானம், கொஞ்சம் உடம்பு போட்டுவிட்டார். ஒருவர் நடந்து வருவதை வைத்தே எந்த இடுப்பு இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கண் இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் புதிதாக வருகிறவர் என்னிடம்தான் வருவார். உடம்புதான் அத்தாட்சி என்ற வழக்கத்தில் எனக்கு லாபம், அவருக்கு நஷ்டம். இது நியாயமா என்ற கேள்வியை வாங்குகிற சம்பளத்தோடு சேர்த்துத்தான் நான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? எனக்கு வழி காட்டியது ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் எழுதிய ஒரு கட்டுரை. பெண்கள் பந்தெறியும் விதத்தைப் பற்றியது. பெண்கள் எறியும்போதும் தூக்கும்போதும் முழு உடம்பையும் இறக்குவதில்லை, கையை மட்டும் நீட்டுகிறார்கள் என்கிறார். கனமான பொருளைத் தூக்கும்போது காலை ஊன்றித் தொடையின் பலத்தைச் சேர்ப்பதில்லை, கையாலும் தோளாலும் மட்டும் முயல்கிறார்கள். இதற்குக் காரணம் பிறவி பலவீனம் இல்லை என்பது அவர் வாதம். பெண் தன் உடம்பை ஒரு பக்கம் ‘என்னால் முடியும்’ என்று உணர்கிறாள். மறு பக்கம் அதே உடம்பை யாரோ பார்த்துக்கொண்டிருக்கும் பொருளாகவும் உணர்கிறாள். இந்த இரண்டாவது உணர்வு முதலாவதைப் பாதியில் பிடித்து நிறுத்துகிறது. இதைப் படித்தபோது என் ஜிம்மில் தினமும் நடப்பதை யாரோ கூடவே நின்று பார்த்து எழுதியதுபோல இருந்தது. குனியும்போது டி-ஷர்ட்டைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். பாரம் ஏறும்போது முகம் கோணுகிறதா என்று கண்ணாடியைப் பார்ப்பார்கள். மூச்சு சத்தமாக வந்தால் “சாரி மேம்” என்பார்கள்.

என்னிடம் வரும் பெண்ணின் நோயே ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்பதுதான். அவள் முன்னால் என் உடம்பையும் ‘இது எப்படித் தெரிகிறது பார்’ என்று நிறுத்தினால், மருந்து கேட்டவளுக்கு நோயையே இன்னொரு கரண்டி ஊற்றுகிறேன். “கையை மடக்கிக் காட்டுங்க மேம்” என்று கேட்டால் நான் மடக்குவதில்லை. பாரைப் பிடித்துத் தொங்கி, ‘தோள் முதல்ல கீழ இறங்குது பாருங்க, அப்புறம்தான் கை மடங்குது’ என்று காட்டுவேன். முதுகு தெரியட்டும் என்றே அன்றைக்குக் கையில்லாத பனியன். தசை வேலை செய்யும்போது பார்க்கிறவள் தன் முதுகைத் தேட ஆரம்பிக்கிறாள். சும்மா மடக்கிக் காட்டினால் தன் கையைக் குனிந்து பார்த்து வெட்கப்படுகிறாள். காட்டுவது ஒரே உடம்பைத்தான். பார்க்கிறவளுக்கு உள்ளே நடப்பது வேறு.

ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வருகிறார், ஐம்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, “கேஸ் சிலிண்டர் மாத்தறதுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடவேண்டியதா இருக்கு கண்ணு, அது மட்டும் வேண்டாம்” என்றார். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. காலை அகட்டி ஊன்றி, இடுப்பை மடித்து, தொடையால் தரையைத் தள்ளி எழுவதைப் பத்துக் கிலோவிலிருந்து ஆரம்பித்தோம். ஐந்து மாதத்தில் 35 கிலோ எடுத்தார். பிறகு ஒருநாள், தன் தொடையைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டு, “கெட்டியா இருக்குதல்ல?” என்றார். அந்தக் குரலில் இருந்தது எப்படித் தெரிகிறது என்ற கவலை இல்லை. அவர் வயதில் மாதவிடாய் நின்ற பின் எலும்பும் தசையும் வேகமாகக் குறையும். எடை தூக்குவது அதை மட்டுப்படுத்தும். ‘உங்கள மாதிரி ஆயிடக்கூடாது’ என்ற பயத்துக்கு உண்மையான விலை என்ன என்பது இங்கேதான் தெரிகிறது. அந்தப் பயத்தில் இரண்டு கிலோ டம்பளைத் தாண்டாமல் இருக்கும் பெண், எழுபது வயதில் தரையிலிருந்து எழக் கைகொடுக்க ஆள் தேடுவாள்.

ஆனால் ‘தோற்றம் முக்கியமில்லை, பலம்தான் முக்கியம்’ என்று போதித்துவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. அதுவும் அரை உண்மைதான். கல்யாணத்துக்குக் கை மெலிய வேண்டும் என்று வரும் பெண்ணிடம் நான் தத்துவம் பேசினால் அவள் வேறு ஜிம்முக்குப் போவாள், போவதும் சரிதான். அழகாக இருக்க ஆசைப்படுவது அவள் உரிமை. நானே காலையில் தலை சீவும்போது தோளின் வளைவைப் பார்த்து நின்றுவிடுவேன். எனக்கு அது அழகு. வெறும் ‘ஆரோக்கியத்துக்காக’ வளர்த்தேன் என்று சொன்னால் அது நான் சொல்லும் சுத்தப் பொய்.

அதனால் நான் கணக்குச் சொல்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், ‘ஆகணும்’ என்றாலும் ‘ஆயிடக்கூடாது’ என்றாலும், ஒரே கணக்கு. “இது பதினோரு வருஷம். வாரத்துக்கு அஞ்சு நாள். தோள் அகலம் எங்க அம்மிச்சி கொடுத்தது. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் ஒதுக்கற மாதிரி என் வேலையே இதுதான், உங்களுக்கு அப்படி இல்ல. பேப்பர்ல வந்த அந்தப் படம் ரெண்டு நாள் உடம்பு, அது வேண்டாம். இது எனக்குப் பிடிச்சு நான் வளர்த்தது. உங்களுக்கு எது பிடிக்கும்னு ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம். இப்ப உக்காந்து எந்திரிக்கறதப் பாப்போம்.” ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

தோழி ஒருத்தி கேட்டாள்: “எதுக்குடி இவ்வளவு விளக்கம்? டாக்டர் தன்னோட பிரஷர் எவ்வளவுன்னு நோயாளிகிட்ட சொல்றாரா?” சொல்வதில்லை. அவர் தன் பிரஷரைக் காட்டிக் காசு வாங்குவதும் இல்லை. நான் இந்தத் தோளைக் காட்டித்தான் வாங்குகிறேன். எதை முன்னால் வைத்துச் சம்பாதிக்கிறோமோ அதற்கு வாங்குகிறவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டைக்கு அது பொருந்தினால் உடம்புக்கும் பொருந்தும். எனக்குத் தோன்றும் அறம் இவ்வளவுதான். இதற்கு எல்லையும் உண்டு. “கல்யாணம் ஏன் பண்ணல, இந்த உடம்பாலயா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியை நான் கடையில் பரப்பவில்லை. அதனால் அதற்கு விலை கேட்கவும் ஆள் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவேன்.

இந்த வழியில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டினாலே தசை தானாகக் கரையப் பார்க்கும். எனக்கு இப்போது முப்பத்தாறு. கரைவதை மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. என் உடம்பை வாக்குறுதியாக விற்றிருந்தால் ஒருநாள் கடையை மூட வேண்டிவரும். கணக்காகச் சொல்லி வந்தால், ஐம்பத்தாறு வயதில் என் அக்காவைப்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றும் சொல்லலாம்: இவ்வளவு தூக்கினேன், இவ்வளவு தேய்ந்தது, இதில் உங்களுக்கு வேண்டியது இது. அன்றைக்குக் கேட்க ஆள் வருவார்களா என்பது, இன்றைக்கு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இப்போதெல்லாம் புதிதாக வருகிற பாதிப் பேரை, “எனக்கே சொல்லிக்கொடுத்தவங்க” என்று சொல்லி அக்காவிடம் அனுப்புகிறேன். முதல் நாள் கொஞ்சம் தயங்குவார்கள். இரண்டாவது வாரம் இடுப்பு வலி குறைந்ததும் அந்தத் தயக்கம் போய்விடும்.